அட்டை மாறிய புத்தகம்

மகனே,

உன் நலத்தை விசாரித்து ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தைப் பார்த்தேன். நீ நலமாக இல்லை. என் நலத்தைக் கேட்டால், கண் ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாம் நன்றாகத் தெரிகிறது. இவ்வளவு நன்றாகத் தெரிய வேண்டாமே என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அனுப்புகிறேன். போஸ்ட்மேன் படித்தாலும் சரி, உன் பள்ளிக்கூடத்து அட்டெண்டர் படித்தாலும் சரி. மூடி வைக்கும் வேலை நம் குடும்பத்தில் அளவுக்கு மேல் நடந்துவிட்டது என்று இந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

நீ வீட்டுக்குள் நுழைந்ததும் அழைப்பிதழை என் கையில் கொடுத்தாய். திண்டிவனத்தில் நீ தலைமை ஆசிரியராக இருக்கும் பள்ளிக்கூடத்து நூலகத்தில் வரும் சனிக்கிழமை உன் அப்பாவின் படத்தை நான் திறந்து வைக்கிறேன் என்று அச்சடித்திருந்தது. ரயில்வே கார்டாக இருந்த அவர், இறங்கிய ஊரிலெல்லாம் வாங்கிச் சேர்த்த புத்தகங்களை அவர் போன பிறகு உன் பள்ளிக்கூடத்துக்குத்தான் கொடுத்தேன். அவர் பெயர் எழுதிய பலகை அங்கே தொங்குகிறது. என் பெயருக்கு மேல் மை கொஞ்சம் பரவியிருந்ததைத் தவிர அழைப்பிதழில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டேன்: “நான் கேட்டேனே, அந்தத் ‘தட்டு அடுக்கு’ புத்தகம், எடுத்துட்டு வந்தியா?” கண்கட்டைப் பிரித்த அன்றே உன்னிடம் கேட்ட புத்தகம் அது. உன் அப்பா உனக்கு உரக்க வாசித்துக் காட்டிய புத்தகம். புதுக் கண்ணால் முதலில் அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. நீ, “அம்மா, கொஞ்சம் தண்ணி கொடேன்” என்றாய்.

உனக்குத் தாகம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் பச்சைக் கொடியைக் கிழித்துப் பட்டத்துக்கு வால் கட்டிவிட்டு வந்த அன்று தண்ணீர் கேட்டாய். கணக்குப் பரீட்சைத் தாளைத் தண்டவாளத்து ஓரப் பள்ளத்தில் போட்டுவிட்டு வந்த அன்றும் கேட்டாய். நரைத்த மீசையோடு என் எதிரில் உட்கார்ந்து போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாய். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “அது பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா” என்றாய். எந்த பைண்டரிடம் என்றேன். “நம்ம விழுப்புரம் பைண்டர்தான். அவரு என்ன ஜல்தியா குடுக்கிற ஆளா?” என்று சொல்லி, கேட்காமலேயே மறுபடியும் சொம்பை எடுத்தாய்.

மறுநாள் காலை நான் பைண்டர் கடைக்குப் போனேன். சந்தேகப்படுவது என் சுபாவம் என்று நீ உன் மனைவியிடம் சொல்வது எனக்குத் தெரியும். வண்டி நேரத்தை நம்பிச் சமைத்து, ஆறிப்போன சோற்றின் எதிரில் பாதி வாழ்நாளை உட்கார்ந்து கழித்தவளுக்கு அது சுபாவமில்லை, பழக்கம். பைண்டர் கையில் பசையோடு எழுந்து வந்தார். “உங்க மவன் இந்தப் பக்கம் வந்தே ஒரு வருசம் ஆவுதும்மா. பள்ளிக்கூடத்துப் புக்கு ஒண்ணும் எங்கிட்ட இல்ல. இருந்தா நான் இன்னாத்துக்கு மறைக்கப் போறேன்? வச்சிக்கினு படிக்கவா போறேன்?” என்றார். அவர் சொன்னதையும் நான் நம்பவில்லை. அடுக்கி வைத்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். “பாருங்கம்மா, நல்லா பாருங்க. போலீசுகூட இப்பிடிப் பாக்க மாட்டாங்க” என்று அவர் சிரித்தார். அங்கே இல்லை. தொலைத்துவிட்டாயோ, பெரிய மனிதர் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாயோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்திலேயே பூட்டி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. சந்தேகத்தில் இவ்வளவு தேர்ந்த எனக்கே அது தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்.

புதன்கிழமை உனக்குக் கடலூரில் மீட்டிங் என்று நீயே சொல்லியிருந்தாய். ஆகையால் புதன்கிழமை நான் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். அமாவாசை, பஸ் ஸ்டாண்ட் முழுக்க மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம். எலுமிச்சம்பழப் பைகளுக்கு நடுவில் புகுந்து என் வண்டியைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியான மணி அடித்திருந்தது. உன் அறைக்கு எதிர் வராந்தாவில் தண்ணீர் அண்டா. அதன் காதில் சங்கிலி போட்டுக் கட்டிய எவர்சில்வர் டம்ளர். பிள்ளைகள் வரிசையில் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளிச் சுவரில் ஓர் ஆணி. அதில் நெளிந்த அலுமினியக் குவளை ஒன்று தொங்கியது. சில பிள்ளைகள் வந்து, டம்ளர் பக்கமே போகாமல், நேராக ஆணிக்குப் போய்க் குவளையை எடுத்து நீட்டினார்கள். டம்ளரை வைத்திருந்த பிள்ளை மேலிருந்து அதில் ஊற்றியது. யாரும் யாரையும் அதட்டவில்லை. எங்கும் எழுதி ஒட்டவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டேதான் அதைச் செய்தார்கள். ஒரு சிறு பெண் குவளையைத் திருப்பி மாட்டும்போது ஆணியில் சரியாக மாட்டியதா என்று அசைத்துப் பார்த்துவிட்டுப் போனாள், தன் வீட்டுப் பாத்திரத்தைப் பத்திரப்படுத்துவது போல. நூலகத் திறப்பு விழாவுக்கு நானும் அந்த வராந்தா வழியாகத்தான் வந்தேன். அன்று என் கையில் சோடாவைக் கொடுத்துவிட்டார்கள்.

பின்னால் ஒரு குரல், “யாரைப் பாக்கணும்மா?” என்றது. ஒல்லியான பெண், கையில் சாக்பீஸ் தூள். ஜெயசீலி டீச்சர். நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. ‘தட்டு அடுக்கு’ எங்கே என்று கேட்டேன். “நீங்க எச்.எம். சாரோட அம்மா. உங்ககிட்ட நான் இன்னாத்தச் சொல்றது? அவரு உங்கள அனுப்பிச்சாரா, கரஸ்பாண்டன்ட் ஐயா அனுப்பிச்சாரா?” என்றாள். யாரும் என்னை அனுப்ப முடியாது என்றேன். “அப்ப இன்னிக்குப் பாத்து, சார் இல்லாத நாளா ஏன் வந்தீங்க?” அந்தப் பெண்ணை எனக்கு உடனே பிடித்துவிட்டது. சந்தேகப்படத் தெரிந்தவளிடம் பேச்சைச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. “என் மகன் என்கிட்ட பொய் சொல்றான். என்ன பொய்னு தெரிஞ்சிக்க வந்தேன்” என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் சொன்னாள்.

அந்தப் புத்தகத்தின் தலைப்புக் கதை உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு அடுக்காகத் தட்டுகள் இருக்கும். சேரிப் பெண் ஒருத்தி, தன் அடுக்கில் தட்டு தீர்ந்துபோனதால், அடுத்த அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிடுகிறாள். பிறகு எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு அந்தத் தட்டைத் தேடுகிறார்கள். ஆனால் அவள் அதைக் கழுவி வைத்துவிட்டாள். எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவுதான் கதை. ஜெயசீலி டீச்சர் அதை ஏழாம் வகுப்பில் வாசித்திருக்கிறாள். வாசித்து முடித்ததும் ஒரு பெண் எழுந்து, “டீச்சர், அப்ப நாங்களும் சங்கிலி டம்ளர்ல குடிக்கலாமா?” என்று கேட்டிருக்கிறாள். “நான் இன்னாம்மா சொல்ல முடியும்? குடின்னேன்” என்றாள் ஜெயசீலி. மறுநாள் மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர் வேர்க்கடலை மூட்டைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சாதிச் சண்டை சொல்லித் தருகிறார்கள் என்று கத்தினாராம். அன்று சாயங்காலமே தாளாளர் உன்னிடம் புத்தகத்தைக் கேட்டு வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு வரிகூட வகுப்பில் வாசிக்கக் கூடாது என்று உன் கையெழுத்தோடு சுற்றறிக்கை வந்தது. சனிக்கிழமை படத்திறப்பு முடிந்து எல்லாரும் காபி குடித்த பிறகு, நிர்வாகக் குழு கூடி ஜெயசீலியை வேலையை விட்டு அனுப்பப் போகிறது. அவள் நிரந்தர வேலையில் இல்லை, அனுப்புவது சுலபம். அந்த அழைப்பிதழில் இவ்வளவு இருந்தது. நீ மை பரவியதைக்கூடக் கவனிக்காதவன் போல நீட்டினாய்.

நான் நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன். “வாங்கம்மா, வாங்க. ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா கார் அனுப்பியிருப்பேன். சனிக்கிழம விழாவுல நீங்கதான் முக்கியம்” என்று எழுந்து நின்றார். நான் கொடுத்த புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் சாவியை எடுத்தார். “உங்க வீட்டுக்கார ஐயா பேருக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாதேன்னுதாம்மா எடுத்து வச்சேன். உள்ள பூரா விஷம். சின்னப் புள்ளைங்க கையில குடுக்கிற புக்கா இது?” “படிச்சிப் பாத்தீங்களா?” என்று கேட்டேன். “நமக்கு எங்கம்மா நேரம்? மல்லாட்டை சீசன் வேற. மண்டிக்காரரு சொன்னாரு. அவருக்கு அவரு பையன் சொன்னானாம். நாலு பேரு சொல்றப்ப பொய்யாவா இருக்கும்?” என்றபடியே புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கி என் எதிரில் வைத்தார். காக்கி அட்டை, முதுகில் ‘தட்டு அடுக்கு’ என்று என் கையெழுத்து. நான் திறந்தேன். உள்ளே சிவப்புக் கம்பளிப் புழுவின் படம். எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலந்து வேர்க்கடலைப் பயிருக்குத் தெளிக்க வேண்டும் என்ற விவரம். மயிலம் பக்கத்தில் இருந்த துண்டு நிலத்துக்காக உன் அப்பா வாங்கிய ‘வேர்க்கடலைப் பூச்சிகள்’. தாளாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமாம். விஷம்தான்” என்று சொல்லி மூடிக் கொடுத்தேன். அவர் மறுபடியும் பத்திரமாகப் பூட்டினார்.

மூடுவதற்கு முன் அட்டையின் மூலையைப் பார்த்தேன். அந்த மடிப்பை எனக்கு சிஸ்டர் ஃபிலோமினா புதுச்சேரி கான்வென்டில் கற்றுக்கொடுத்தார். மூலையை முதலில் முக்கோணமாக உள்ளே மடிக்க வேண்டும். பிறகு ஓரத்தை மடித்து, புத்தகத்து அட்டையை அந்தப் பைக்குள் செருக வேண்டும். முதுகுப் பக்கத்தில் நாக்கு போல ஒரு துண்டு விட்டு உள்ளே தள்ள வேண்டும். பசை கூடாது. பசை போட்டால் பூச்சி வரும் என்பார். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கும் முன் உன்னைக் கை கழுவிவிட்டு வரச் சொல்லி எதிரில் உட்கார வைப்பேன். நீ மடித்தது ஒரு நூல் கோணலாக இருந்தாலும் பிரித்துவிடுவேன். அழுதுகொண்டே மறுபடி மடிப்பாய். தாளாளர் எடுத்துக் காட்டிய அட்டையில் பழைய மடிப்புக் கோடும் இருந்தது, அதற்கு உள்பக்கம் புதுக் கோடும் இருந்தது. தடித்த புத்தகத்துக்குப் போட்ட காகிதத்தை மெல்லிய புத்தகத்துக்குத் தகுந்தபடி யாரோ மீண்டும் மடித்திருக்கிறார்கள். முக்கோணம் முதலில், ஓரம் பிறகு. முதுகில் நாக்கு. பசை இல்லை. இந்த மடிப்பு திண்டிவனத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். ஒரு நூல்கூடக் கோணல் இல்லை மகனே. நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

நூலகத்துக்குப் போய் அட்டெண்டரிடம் ‘வேர்க்கடலைப் பூச்சிகள்’ வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்தப் பூச்சி புக்கா? அத்த இன்னாத்துக்கும்மா கேக்குறீங்க, அலமாரியில நிக்கிறதே இல்ல. புள்ளைங்க அடிச்சிக்கினு எடுத்துக்கினு போவுதுங்க. வயலையே பாக்காத டவுன் பொண்ணுங்ககூட கேக்குதுங்க. விவசாயத்து மேல இம்மாம் ஆசையான்னு எனக்கே ஆச்சரியம்!” அன்று காலைதான் திரும்பி வந்ததாம். வாங்கிப் பார்த்தேன். உள்ளே ‘தட்டு அடுக்கு’. பக்க ஓரமெல்லாம் பிள்ளைகளின் விரல் அழுக்கு. என் பெயரில் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தாளாளர் பீரோவில் பூட்டப்பட்டுக் கிடக்கும் கம்பளிப் புழுவை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் கேப்பை மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், “இன்னாம்மா, தனியா சிரிச்சிக்கினு வர்றீங்க?” என்று கேட்டாள். என் மகனை நினைத்து என்றேன். “குடுத்து வச்சவங்க” என்றாள்.

ஆனால் மயிலத்துக்குத் திரும்பும் கூட்டு ரோட்டில் அந்த அம்மாள் இறங்கி, வண்டி மறுபடி கிளம்பியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதனால் யாருக்கு என்ன லாபம் என்று வழக்கம்போல யோசிக்க ஆரம்பித்திருந்தேன். தாளாளருக்கு அவர் கேட்ட தடை கிடைத்தது. மண்டிக்காரருக்கு வெற்றி கிடைத்தது. பிள்ளைகளுக்குக் கதை கிடைத்தது. உனக்கு, கோழை இல்லை என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ள ஒரு சாமர்த்தியம் கிடைத்தது. எல்லாருக்கும் வசதி. ஜெயசீலிக்கு மட்டும் வேலை போகிறது. குவளை ஆணியிலேயே தொங்குகிறது. நீ செய்தது தடையை எதிர்த்ததா, தடைக்கு ஒத்தாசை செய்ததா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வந்த சந்தேகம் இன்னும் போகவில்லை.

நாங்களும் இதைச் செய்தவர்கள்தான். கான்வென்டில் கதைப் புத்தகம் கூடாது. தமிழ்க் கதைப் புத்தகம் கூடவே கூடாது. ஜெபப் பாட்டுப் புத்தகத்தின் அட்டையைக் கழற்றி நாவலுக்குப் போட்டுக்கொண்டு மாதா கோயிலிலேயே உட்கார்ந்து படித்தோம். என் பக்தியைப் பார்த்து ஒரு முறை பரிசுகூடக் கொடுத்தார்கள். அந்தச் சாமர்த்தியத்தைப் பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயே என் வாயால் கேட்டிருக்கிறாய், அதிலிருந்துதான் கற்றுக்கொண்டாய் என்றும் நினைக்கிறேன். என் தங்கை மகளை அதே கான்வென்டில் சேர்த்தபோது அதே விதி அப்படியே இருந்தது. அதே வாசகம், அதே இடத்தில், கண்ணாடிச் சட்டம் மட்டும் புதிது. எங்களில் ஒருத்திகூட எழுந்து நின்று, “சிஸ்டர், நான் இதைப் படித்தேன், இதில் தப்பு ஒன்றும் இல்லை” என்று சொன்னதில்லை. நாங்கள் ஒளித்துப் படித்ததால் அந்த விதி ஒரு நாளும் தோற்கவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நீயும்தானே எனக்குப் பதினான்கு வயதில் ஒரு புத்தகத்தைக் கொடுக்க மாட்டேன் என்றாய் என்பாய். ஆமாம், கொடுக்க மாட்டேன் என்றேன். அதை முழுதும் படித்துவிட்டுச் சொன்னேன், உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். நீ அதை வேறு எங்கோ வாங்கிப் படித்துவிட்டு வந்து என்னோடு சண்டை போட்டாய். பாதி நீ சொன்னதுதான் சரி. வீட்டில் அப்படி ஒரு சண்டை போடலாம். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பெண் யாரோடு சண்டை போடுவாள்? புத்தகத்தைப் படிக்காதவர் ஒருவர், அதைப் படிக்காத இன்னொருவர் சொன்னதைக் கேட்டுப் பூட்டியிருக்கிறார். பூட்டியதையும் திறந்து பார்க்கவில்லை. இதை எதிர்க்க உனக்குத் தைரியம்கூட வேண்டியதில்லை. “பீரோவைத் திறங்கள்” என்றால் போதும்.

ஊர் நிலவரம் தெரியாமல் பேசுகிறாய் என்பாய். தெரியும். இந்தப் பக்கத்தில் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் சின்னப் பொறி போதும், எரிந்துவிடும். ஆறு மாதம் பஸ் ஓடாது. அடிபடுகிறவர்கள் எந்தப் பக்கத்துக்காரர்கள் என்பதும் தெரியும். உனக்கு வரும் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்தக் கதை எந்தச் சண்டையையும் உன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரவில்லை. சண்டை உன் அறைக்கு எதிரிலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நீ தினமும் அதைத் தாண்டித்தான் நாற்காலிக்குப் போகிறாய். கதையில் வருவது தட்டு. டம்ளரைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. டம்ளரைக் கண்டுபிடித்தது அந்தப் பெண். அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் புத்தகத்தைப் பூட்டினீர்கள். பூச்சி புக்கு என்று பெயர் வைத்து நீ அவளுக்கு அந்தக் கதையைத் திருப்பிக் கொடுக்கலாம். அவள் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் படிப்பாள். படித்து முடித்துத் தாகம் எடுத்தால் எந்தப் பாத்திரத்தில் குடிப்பாள் என்று அந்தச் சுற்றறிக்கையில் நீ எழுதவில்லை.

உனக்கு ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். அப்பா அந்தக் கதையை முதல் முறை உனக்கு வாசித்த அன்று, அவர் டியூட்டிக்குக் கிளம்பிப் போன பிறகு, நீ அடுக்களைக்குள் போனாய். நம் வீட்டுத் தட்டுகளையும், பின்கட்டில் வேலைக்காரம்மாளுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த தட்டையும் ஒன்றாகப் போட்டுக் கழுவிவிட்டாய். நான் வந்து பார்த்தபோது கை நிறையத் தட்டுகளோடு நின்றாய். எது எது என்று கேட்டேன். “தெரியாதும்மா. நீயே கண்டுபிடி” என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன். தேய்த்த பிறகு எனக்கும் தெரியவில்லை. அன்றோடு நம் வீட்டில் தனித்தட்டு இல்லாமல் போயிற்று. நான் சம்மதித்ததால் அல்ல. நீ எனக்கு வேறு வழி விடாததால். அன்று நீ தட்டுகளை முதுகுக்குப் பின்னால் மறைக்கவில்லை. கீழே பார்க்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையைத்தான் நான் தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யாரோ அட்டையை மாற்றிவிட்டார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். ‘தட்டு அடுக்கு’ என் கையில் இருக்கும், பையில் இருக்காது. அதன்மேலிருந்த பூச்சி அட்டையை நேற்றுக் கழற்றிவிட்டேன். புதுக் காக்கிக் காகிதம் வாங்கி மடித்து, முதுகில் அதன் சொந்தப் பெயரை எழுதினேன். கை முன்போல் நிற்கவில்லை. எழுத்து கொஞ்சம் கோணல். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். படம் திறப்பதற்கு முன் அந்தக் கதை மேடையில் வாசிக்கப்பட வேண்டும். நீ வாசிக்கலாம். ஜெயசீலி டீச்சர் வாசிக்கலாம். இரண்டு பேரும் மாட்டோம் என்றால் நான் வாசிப்பேன். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. முடிந்ததும் தாளாளரிடம் பீரோவைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருப்பது என்ன, அதை அங்கே வைத்தது யார் என்று நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு, அந்தக் கதையை வாசித்ததற்காக ஜெயசீலியை அனுப்புவதானால் உன்னையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் சொல்ல வேண்டும். அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள். அதற்கும் தயாராக வா. இதெல்லாம் நடக்காவிட்டால் உன் அப்பாவின் படம் துணி மூடியே இருக்கட்டும். பலகையையும் கழற்றிக்கொண்டு வந்துவிடுவேன், பெரிய கனமில்லை.

இந்தக் கடிதத்தின் நகல் ஒன்று ஜெயசீலி டீச்சருக்குப் போகிறது. அவள் அதை நம்ப மாட்டாள்; அதுவும் நல்லதுதான். பஸ் ஸ்டாண்டுக்கு நீ வருவாயா, அட்டெண்டரை அனுப்புவாயா என்று பார்ப்பேன். இரண்டும் இல்லை என்றால் பள்ளிக்கூடத்துக்கு வழி எனக்குத் தெரியும். எனக்குச் சோடா வேண்டாம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, நீ பேச எழுந்திருக்கும்போது தண்ணீர் கேட்கிறாயா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேட்பதானால், அந்த நெளிந்த குவளையில் கேள்.

அம்மா